எழுபது வளைவுக்கும் ஒரே பிரேக்

கொல்லிமலையில எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்குதுங்க. அந்த எழுபதையும் ஒரே பிரேக்குல இறங்கினவன் இந்த நாமக்கல் ஜில்லாவுல நான் ஒருத்தன்தான். ஒரே பிரேக்குன்னா, சோளக்காட்டுல லீவரைப் பிடிச்சேன், காரவள்ளி அடிவாரத்துக்கு வந்துதான் விட்டேன். நடுவுல மூக்கு அரிச்சது, சொறியலை. இதை நம்பாதவங்க நிறையப் பேர் இருக்காங்க. எங்க வீட்லயே அஞ்சு பேர் இருக்கோம், நாலு பேர் நம்பறதில்லை. அஞ்சாவது ஆள் நான். எனக்கும் சில நாள் காலையில எந்திரிக்கும்போது கொஞ்சம் சந்தேகமாத்தான் இருக்கும், காப்பி குடிச்சாச் சரியாப் போயிடும்.

போன சனிக்கிழமை வண்டியை சர்வீஸுக்கு விட்டுட்டு, அங்கயே காத்திருக்கற ரூமுல உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பக்கத்து நாற்காலியில குப்பண்ணன். கவர்மெண்ட் பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர், கொல்லிமலை வண்டியையே பல வருசம் ஓட்டினவர். எதிர்ல ஜெயசீலி டீச்சர். பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல கணக்குச் சொல்லிக் குடுக்கறவங்க, புதுசா ஒரு பைக் வாங்கலாம்னு விசாரிக்க வந்திருந்தாங்க. செவத்துல ஒட்டியிருந்த விளம்பரத்தைப் படிச்சுட்டு, இந்த ஏபிஎஸ், ஏபிஎஸ்ங்கறாங்களே, அப்படின்னா என்னன்னு கேட்டாங்க. பொதுவாத்தான் கேட்டாங்க. நான் அது எனக்குன்னு எடுத்துக்கிட்டேன்.

"டீச்சர், நீங்க சரியான ஆள்கிட்டத்தான் கேட்டிருக்கீங்க"ன்னு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிட்டேன். குப்பண்ணன் அப்பவே எந்திரிச்சுப் போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்தார். என்னை அவருக்கு முன்னாடியே தெரியும்.

என் பேர் வையாபுரி. வெளியில யாராவது கேட்டா ஹேச்சரியில கொள்முதல் அதிகாரின்னு சொல்லிக்குவேன். பாக்கற வேலை முட்டை பொறுக்கறது. மலைமேல வீடு வீடாப் போய் நாட்டுக்கோழி முட்டை வாங்கி, அட்டையில அடுக்கி, பின்னால பெட்டியில கட்டிக் கீழ கொண்டாந்தா, முதலாளி தெய்வசிகாமணி மிஷின்ல வெச்சுக் குஞ்சு பொரிச்சு விப்பார். மேல இருந்து கீழ கொண்டாரதுக்குள்ள பாதி உடைஞ்சுடும். அதுக்குக் காரணம் என்னோட பழைய வண்டி.

அந்த வண்டியில பிரேக் நல்லாத்தான் இருந்தது. அதுதான் சிக்கலே. அழுத்தி மிதிச்சா சக்கரம் அப்படியே கட்டிக்கும். சக்கரம் நின்னுடும், வண்டி நிக்காது. சறுக்கிக்கிட்டே போகும். அந்த நேரத்துல ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதைக் காதுல போட்டுக்காது, தான் பாட்டுக்கு எங்க போகணுமோ அங்க போகும். ஒரு தடவை பலாத்தோப்பு, ஒரு தடவை மிளகுத்தோட்டம், ஒரு தடவை ஒரு கல்யாண வீட்டுப் பந்திக்குள்ளேயே போயிட்டேன். அங்க உட்கார வெச்சு இலை போட்டாங்க, அது வேற விஷயம். ஹேச்சரியில எனக்கு வெச்ச பேர் ஆம்லெட்டு. வாட்ச்மேன்கூட, ஆம்லெட்டு வந்தாச்சுங்கன்னுதான் உள்ள குரல் குடுப்பார். ரோட்டுல மத்த வண்டியெல்லாம் போனா நாய் குரைக்கும். என் வண்டி போனா நக்கிக்கிட்டே பின்னால வரும்.

கடைசியில முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, பெட்டியைத் திறந்து பாத்து, அமைதியாச் சொன்னார். "வையாபுரி, அடுத்த தடவை ஒரு ஓடு உடைஞ்சிருந்தாலும் நீ வேலைக்கு வர வேண்டாம்."

அவர் கத்தியிருந்தாக்கூட நான் பயந்திருக்க மாட்டேன். ஆம்லெட்டுங்காமப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார் பாருங்க, அதுலதான் பயந்துட்டேன். எனக்கு இந்த வேலையை விட்டா வேற எதுவும் தெரியாது. இந்த வேலையும் தெரியாதுங்கறது தனி.

அதுக்கப்புறம்தான் வண்டியை மாத்தலாம்னு இங்க வந்தேன். இங்க மெக்கானிக் தமயந்தின்னு ஒரு அம்மணி இருக்குது. என் கதையைக் கேட்டுட்டு, உங்களுக்கு ஏபிஎஸ்ஸைத்தான் காட்டணும்னு சொல்லி, டெமோ வண்டி ஒண்ணைத் தள்ளிக்கிட்டுப் பின்னால இருக்கற காலி இடத்துக்குக் கூட்டிட்டுப் போச்சு. முன் சக்கரத்துல பிரேக் தட்டு இருக்கில்லைங்களா, அதுக்கு உள்பக்கம் ஓட்டை ஓட்டையா ஒரு வளையம். அதுக்குப் பக்கத்துல கட்டைவிரல் தண்டிக்கு ஒரு சென்சார். சக்கரம் சுத்தச் சுத்த அந்த ஓட்டைங்க எவ்வளவு வேகமாத் தாண்டிப் போகுதுன்னு அது பாத்துக்கிட்டே இருக்குமாம். வண்டி இன்னும் ஓடிக்கிட்டிருக்கும்போதே சக்கரம் மட்டும் திடீர்னு கட்டிக்கப் பாத்தா, ஒரு பொட்டிக்குச் சேதி போகும். அந்தப் பொட்டி பிரேக்கைத் துளி விட்டுக் குடுக்கும். சக்கரம் உருண்டதும் மறுபடி பிடிக்கும். மறுபடி விடும், மறுபடி பிடிக்கும். இத்தனையும் கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள பல தடவை.

அப்படி விட்டு விட்டுப் பிடிச்சா வண்டி எப்படி நிக்கும்னு நான் கேட்டேன். கட்டின சக்கரத்துக்கு ரோட்டுமேல பிடி இல்லை, உருளற சக்கரத்துக்குத்தான் பிடி, உருண்டாத்தான் நீங்க திருப்பற பக்கம் திரும்பும்னு தமயந்தி சொல்லுச்சு. இது மந்திரம் இல்லை, கண்ணுமண்ணு தெரியாம வந்தா இதை வெச்சுக்கிட்டும் விழலாம், சரளைக்கல்லுமேல நிக்கறதுக்குக் கூடத் தூரம் ஆகும்னும் சொல்லுச்சு. அந்தக் கடைசிப் பகுதியில நான் பராக்குப் பாத்துக்கிட்டிருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணுதாங்கண்ணா. பிடிச்சா விடாதீங்க. லீவர் கையில கடகடன்னு துடிக்கும். துடிச்சாலும் பிடிச்சுக்கிட்டே இருங்க"ன்னு சொல்லி, தரையில தண்ணி ஊத்தி, வண்டியில என்னை ஏத்தி விட்டுச்சு.

நான் வேகமா வந்தேன். பிடிச்சேன். உள்ளங்கையில கடகடகடன்னு ஒரு துடிப்பு. லீவருக்குள்ள ஏதோ பல்லியோ எலியோ மாட்டிக்கிச்சுன்னு நினைச்சு, ரெண்டு கையையும் விட்டுட்டேன். வண்டி ஒரு பக்கம், நான் அங்க கொட்டி வெச்சிருந்த கோழி எருக் குவியல்ல ஒரு பக்கம். ரெண்டாந்தடவை பிடிச்சேன், கண்ணை மூடிக்கிட்டேன். மறுபடி எரு. மூணாந்தடவை கண்ணைத் திறந்து, பல்லைக் கடிச்சுப் பிடிச்சேன் பாருங்க, வண்டி வளையாம நெளியாம நேரா வந்து நின்னுச்சு. நான்தான் மேல எரு இருந்ததால கொஞ்சம் வளைஞ்சு நெளிஞ்சு நின்னேன். தமயந்தி மூக்கைப் பிடிச்சுக்கிட்டே, இப்பச் சரியா இருக்குதுன்னுச்சு. இந்தியாவுல ஏபிஎஸ்ஸை மூணே தடவையில கத்துக்கிட்டவன் நான்தான்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன். அன்னிக்கே புது வண்டிக்குச் சொல்லி வெச்சு, அந்த வாரமே எடுத்துட்டேன்.

இதுவரைக்கும் டீச்சர் தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டிருந்தாங்க. இதுக்கு மேலதான் எனக்கே கொஞ்சம் உற்சாகம் வந்துச்சு.

புது வண்டியில மலைமேல போய் முட்டை இருநூறு அடுக்கினேன். சோளக்காட்டைத் தாண்டும்போது மழை பிடிச்சுக்கிச்சு, பனி மூட்டம், முன் சக்கரமே எனக்குத் தெரியலை. கீழ பாத்தா வளைவு வளைவா ரோடு, அதுக்குக் கீழ மேகம். முதலாளி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது காதுல கேட்டுக்கிட்டே இருந்தது. லீவரைப் பிடிச்சேன். கடகடகடன்னு துடிக்க ஆரம்பிச்சது. ஆகா, ஏபிஎஸ் வேலை செய்யுதுன்னு தைரியம் வந்துடுச்சு. பிடிச்சா விடக் கூடாதில்லைங்களா. விடவே இல்லை.

முதல் வளைவுல ரோட்டை அடைச்சு ஒரு குரங்குக் கூட்டம். பெரிய குரங்கு ஒண்ணு நடுவுல உட்கார்ந்து குட்டிக்குப் பேன் பாத்துக்கிட்டிருந்தது. வண்டி போய் எங்க நின்னுச்சுன்னா, டயர் அதோட மீசை மயிரைத் தொட்ட இடத்துல. தோல்மேல படலை. அது திரும்பி டயரைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு, டயர்ல ரெண்டு பேன் எடுத்துச்சு, அப்புறம்தான் வழி விட்டுச்சு.

குரங்கு சரி, நீ லீவரை விடவே இல்லைன்னா வண்டி எப்படி மறுபடி கிளம்புச்சுன்னு குப்பண்ணன் கேட்டார். விட்டு விட்டுப் பிடிக்குதில்லைங்கண்ணா, அந்த விட்ட நேரத்துல கிளம்புச்சுன்னேன். அவர் டீச்சரைப் பாத்தார். டீச்சர் விளம்பரத்தைப் பாத்தாங்க.

பத்து வளைவு தாண்டறதுக்குள்ள அந்தத் துடிப்பு லீவர்ல இருந்து கைக்கு ஏறி, தோளுக்கு ஏறி, தாடைக்கு வந்துடுச்சு. கடைவாயில ஆடிக்கிட்டிருந்த பல்லு வலிக்காம விழுந்தது. அதோட நிக்கலை. துடிப்பு கீழ இறங்கி இடுப்புக்கு வந்தது. எனக்குக் கிட்னியில கல்லு இருந்ததுங்க. எந்த டாக்டர் பாத்தும் கரையாத கல்லு. முப்பதாவது வளைவுல அது பொடியாயிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் அந்த வலி இல்லை. எனக்குப் பின்னால வந்துக்கிட்டிருந்த பஸ்ல ஒரு அம்மாவுக்கு இடுப்புப் பிடிப்பு விட்டுப் போச்சுன்னு அப்புறம் கேள்விப்பட்டேன். என் வண்டி துடிச்ச துடிப்பு ரோட்டு வழியாப் போயிருக்குது.

"அந்த ரோட்டுல நான் எத்தனை வருசம் பஸ் ஓட்டினேன். எனக்கு இடுப்புப் பிடிப்பு வந்ததே அங்கதான்"னார் குப்பண்ணன்.

அது ஏபிஎஸ் இல்லாத காலம்னு சொல்லிட்டு மேல போனேன்.

இவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டே வந்தா பிரேக் தட்டு என்னாகும். முதல்ல சிவந்தது. அப்புறம் ஆரஞ்சு. மழை அதுமேல விழுந்து ஆவியாப் போச்சு. பனி மூட்டத்துல அந்த வெளிச்சத்தைப் பாத்துக்கிட்டு ஒம்பது லாரி, ரெண்டு ஜீப், ஒரு பால் வண்டி எனக்குப் பின்னால வரிசையா வந்தது. ஒரு லாரிக்காரர் கையை நீட்டி அதுலயே குளிர் காய்ஞ்சார். அந்தச் சூடு மெதுவாப் பின்னால பெட்டிக்குள்ள போச்சு.

நான் கதையை ஆரம்பிச்சதுக்கப்புறம் டீச்சர் இங்கதான் முதல் தடவையா வாயைத் திறந்தாங்க. தட்டு முன்னால இருக்குது, முட்டை பின்னால இருக்குது, சூடு எப்படிப் பின்னால போகும்னு கேட்டாங்க. கணக்கு டீச்சர் இல்லைங்களா, விடுவாங்களா. நான் சொன்னேன், டீச்சர், வண்டி மலை இறங்குது. முன் சக்கரம் கீழ, பின் சக்கரம் மேல. சூடு எப்பவும் மேலதானே ஏறும். அவங்க கையால காத்துல ஒரு சரிவு வரைஞ்சு பாத்துட்டு, கையை மடியில வெச்சுக்கிட்டாங்க. அது என் வாழ்க்கையில ஒரு கணக்கு டீச்சரை நான் ஜெயிச்ச ஒரே நாள்.

அடைக்கோழி என்ன பண்ணும். முட்டைமேல உட்கார்ந்து சூடு குடுக்கும், மூக்கால அப்பப்ப உருட்டி விடும். இங்க சூட்டுக்குத் தட்டு, உருட்டி விடறதுக்கு அந்தத் துடிப்பு. மூணு வாரத்து வேலை முப்பது வளைவுல நடந்துக்கிட்டிருந்தது. பாதி மலையில பெட்டிக்குள்ள கீச்சுன்னு ஒரு சத்தம். வண்டிச் செயின்னு நினைச்சேன். இன்னும் ரெண்டு வளைவு தாண்டினா கீச்சு கீச்சுன்னு. காரவள்ளி வந்து லீவரை விட்டு, வண்டியை ஓரங்கட்டி, பெட்டியைத் திறந்தேன். முன்னூறு குஞ்சு என்னை அண்ணாந்து பாத்துச்சு.

முட்டை இருநூறுன்னியேன்னு குப்பண்ணன் கேட்டார். நூறு முட்டையில ரெட்டைக் கருன்னு சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சுக்கிட்டார்.

எனக்கு ஒரே சந்தோசம். முட்டையைக் கொண்டாரச் சொன்னார், நான் கோழிக்குஞ்சையே கொண்டாந்துட்டேன், முதலாளிக்குக் கரண்டு செலவு மிச்சம், எனக்கு மாலை போடுவார்னு நினைச்சுக்கிட்டே சேந்தமங்கலம் ரோட்டுல பாடிக்கிட்டு வந்தேன். ஹேச்சரி வாசல்ல முதலாளி நின்னுக்கிட்டிருந்தார். மிஷினைச் சூடு பண்ணித் தயாரா வெச்சிருந்தார். பெட்டியைத் தரையில இறக்கித் திறந்து காட்டினேன். அவர் குஞ்சைப் பாக்கவே இல்லை. குனிஞ்சு அட்டையைப் பாத்தார். உடைஞ்ச முட்டை ஓடு ஒண்ணை எடுத்தார், இன்னொண்ணை எடுத்தார்.

"வையாபுரி, இதுல ஒண்ணுகூட முழுசா இல்லையே"ன்னார்.

ஒரு ஓடு உடைஞ்சாலும் வேலை போச்சு. நான் அத்தனையும் உடைச்சுக் கொண்டாந்திருக்கேன். அது உள்ள இருந்து உடைஞ்சதுங்கன்னேன். எங்க இருந்து உடைஞ்சா என்னன்னு கேட்டார். நியாயம்தானே, அவர் அப்படி எதுவும் பிரிச்சுச் சொல்லலையே. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, கேட்டைத் திறந்து விடச் சொல்லிட்டார். எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சுங்க. வீட்டுல போய் என்ன சொல்றது. முட்டை உடைஞ்சு வேலை போச்சுன்னாப் பரவாயில்லை. குஞ்சு பொரிச்சு வேலை போச்சுன்னா எவன் நம்புவான். வண்டியை ஸ்டார்ட் பண்ணி, கேட்டைத் தாண்டி வெளிய வந்துட்டேன்.

பின்னால கசகசன்னு சத்தம். திரும்பிப் பாத்தா அத்தனை குஞ்சும் வரிசையா வருது. கண்ணைத் திறந்ததும் அதுங்க பாத்தது, கேட்டது எல்லாம் இந்த வண்டியைத்தான். வண்டியை அம்மான்னு நினைச்சுக்கிச்சுங்க. நான் நின்னா நிக்குது, போனாப் போகுது. இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டேன், எல்லாம் இடது பக்கம் ஒதுங்குச்சு. ஒரு குஞ்சுகூட என் மூஞ்சியை ஏறெடுத்துப் பாக்கலை. வண்டியை நிறுத்திட்டு நான் மட்டும் நாலடி நடந்து பாத்தேன். ஒண்ணும் வரலை. வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக்கிச்சுங்க.

முதலாளி வெளிய வந்து இதைப் பாத்துக்கிட்டே நின்னார். கோழிங்களை மேயவிடவும், பட்டியில அடைக்கவும் அவர் நாலு ஆளுக்குச் சம்பளம் குடுக்கறார், இங்க ஒரு இண்டிகேட்டர்ல முடிஞ்சுடுது. வண்டி சீட்டைத் தட்டிக் குடுத்துட்டுச் சொன்னார்.

"வண்டி நாளையில இருந்து வேலைக்கு வரட்டும். நீ வர வேண்டாம்."

வண்டி தனியா வராதில்லைங்களா. அதனால நானும் கூடப் போய்க்கிட்டிருக்கேன். இன்னிக்கு வரைக்கும் அங்க வேலை அதுக்குத்தான், எனக்கு இல்லை. ஆயுதபூஜைக்கு அதுக்கு மாலை போட்டாங்க. எனக்குப் பொரி குடுத்தாங்க.

இப்படிச் சொல்லி முடிச்சுட்டு ரெண்டு பேரையும் பாத்தேன். டீச்சர் கைப்பையில இருந்து கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கிட்டிருந்தாங்க. சிரிக்கறாங்களா, இருமறாங்களான்னு தெரியலை. குப்பண்ணன் மட்டும் நிதானமா, இவ்வளவு நல்ல வண்டிக்கு அப்படி என்ன சீக்கு, எதுக்கு இங்க கொண்டாந்து விட்டிருக்கேன்னு கேட்டார்.

அதை மட்டும் உள்ளபடியே சொன்னேன். கொஞ்ச நாளா பிரேக்கைப் பிடிச்சா அந்தத் துடிப்பு வர்றதில்லை. அதே மலை, அதே மழை, அதே வளைவு. லீவர் கையில சும்மா கிடக்குது. வண்டி நிக்கறதென்னவோ நல்லாத்தான் நிக்குது, ஆனா துடிக்கலையே. ஏபிஎஸ் செத்துப் போச்சுன்னு வெசனமாப் போய், காலையிலயே கொண்டாந்து, அதைச் சரி பண்ணிக் குடுங்கன்னு சொல்லியிருந்தேன்.

அப்பத்தான் தமயந்தி கையைத் துணியில துடைச்சுக்கிட்டே உள்ள வந்துச்சு. வண்டியைப் பூராவும் பாத்தாச்சு, ஒரு குறையும் இல்லைன்னுச்சு. அப்ப ஏபிஎஸ்ஸுன்னு கேட்டேன்.

"அண்ணா, ஏபிஎஸ் நான் உங்களுக்குக் காட்டினது டெமோ வண்டியிலங்க. நீங்க எடுத்துட்டுப் போனது அதே கலர்ல இருக்கற சின்ன வண்டி. இதுல பின் பிரேக்கை மிதிச்சா முன் பிரேக்கும் சேந்து பிடிக்கும், அவ்வளவுதான். ஏபிஎஸ்ஸே கிடையாது."

குப்பண்ணன் சிரிப்பார்னு நினைச்சேன், சிரிக்கலை. அந்த ரோட்டுல ஓட்டினவர் இல்லைங்களா. கொஞ்சம் முன்னால சாஞ்சு, மெதுவாக் கேட்டார்.

"அப்ப அன்னிக்கு மலை பூராவும் லீவர் துடிச்சதுன்னியே வையாபுரி, அது என்ன?"

நான் என் வலது கையைப் பாத்தேன். விரலை விரிச்சேன், மடக்கினேன். அன்னிக்கு மழை, கீழ மேகம், வேலை போயிடும்ங்கற பயம், பின்னால பெட்டி. கை நடுங்கி நடுங்கித்தான் பிடிச்சிருக்குது. நடுங்கும்போது விட்டிருக்குது, மறுபடி பிடிச்சிருக்குது. இப்ப மலை பழகிப் போச்சு. நடுக்கம் நின்னுடுச்சு.

சொல்றதுக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்தது. ஆனா ரெண்டு மூச்சு விடறதுக்குள்ள எனக்கு மறுபடி தெம்பு வந்துடுச்சு.

"அது என் கைதாங்கண்ணா. அப்ப எழுபது வளைவையும் மிஷினே இல்லாம இறங்கினவன் நானு. டீச்சர், நீங்களே சொல்லுங்க, கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள அத்தனை தடவை கை நடுங்கணும்னா எவ்வளவு பயப்படணும். அவ்வளவு பயப்பட எல்லாராலயும் முடியுமுங்களா?"

ஜெயசீலி டீச்சர் கைப்பையை மூடித் தோள்ல மாட்டிக்கிட்டு எந்திரிச்சாங்க. தமயந்தியைப் பாத்து, "எனக்கு அவ்வளவு பயப்பட வராதும்மா. ஏபிஎஸ் இருக்கற வண்டியே காட்டு"ன்னாங்க.